பங்கு போட்ட உப்புப் பொட்டலம்

அன்பு மகளுக்கு,

இங்கே என் மூக்கைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மூக்கு முதல் கால் வரை நலமாக இருக்க வேண்டும். சைனஸ் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. தினமும் இரண்டு வேளை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினால்தான் உள்ளே ஆறும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய், நீ வரவில்லை, உனக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, முப்பது உப்புப் பொட்டலம். எப்படிச் செய்வது என்று போனில் கேட்டால், "எல்லாம் அதுலயே போட்டிருக்கும்மா, படத்தைப் பாரு, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். படத்தைப் பார்த்தே பழகினேன். கொதித்து ஆறிய தண்ணீரில் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, வாஷ்பேசினில் குனிந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு பக்கம் பீய்ச்சினால் மறுபக்கம் வழியும். மெத்தைக் கடையில் இருபது வருடம் நான் தின்ற பஞ்சுத் தூசி மொத்தமும் வெளியே வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு உன்னை மனதார வாழ்த்தினேன், அதையும் மறைக்கவில்லை.

குப்பிக்கு ஒரு பொட்டலம் என்றால் பதினைந்தே நாளில் தீர்ந்துவிடும். மறுபடி உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அனுப்புவாய், அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவாய். அதனால் ஒரு பொட்டலத்தை மூன்றாகப் பங்கு போட்டேன். உப்பு குறைந்தால் எரியும் என்று யாருக்குத் தெரியும், உள்ளே மிளகாய் வைத்தது போல் எரிந்தது. பயந்துபோய் ஒரு வேளையாக்கினேன், பிறகு அதையும் விட்டேன். நீ கேட்டபோதெல்லாம் கழுவுகிறேன் என்று சொன்னது பொய். போன வாரம் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சதை ஒட்டிக்கொண்டது, திரும்பத் திறக்க வேண்டும் என்றார். பொட்டலக் கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "அயோடின் இல்லாத உப்பும் துளி சோடா உப்பும் போதுமேம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம்தான். எனக்கு உப்பா வேண்டியிருந்தது?

இருபதாம் தேதி காலையில் ஆபரேஷன். வா என்று கூப்பிடமாட்டேன், ஒரு தடவை கூப்பிட்டுப் பட்டது போதும். தயவுசெய்து இன்னொரு பெட்டி அனுப்பாதே. போன தடவை மயக்க மருந்து கொடுக்கும் முன் கையெழுத்துப் போட ஆள் கேட்டார்கள். கடையில் என் பக்கத்து மிஷினில் உறை தைப்பவள்தான் பாதி வேலையில் எழுந்து ஓடி வந்தாள். உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். நான் திருத்தவில்லை.

பேத்திக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நீயும் வேளைக்குச் சாப்பிடு. எல்லாரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். இருபதாம் தேதி போன் செய்தால் அந்தக் கையெழுத்துப் போட்டவள்தான் எடுப்பாள். யார் பேசுவது என்று கேட்டால், பொறுமையாகப் பதில் சொல்.

உன் அம்மா