அம்மா மழையில் நின்ற அன்று

இன்றைக்கு ஒரு பார்சல் திரும்பி வந்தது. குரோஷே நூல், பன்னிரண்டு உருண்டை. டிக்கோயாவில் கூரியர்காரர் வைத்துவிட்டுப் போகும் மருந்துக்கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். "நூலில் விறகுப் புகை மணக்கிறது, வேண்டாம்" என்று வாங்கியவர் எழுதியிருந்தார். முகர்ந்து பார்த்தேன். மணக்கத்தான் செய்கிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், இந்த லயத்துக் காம்பராவில் அடுப்பும் ஃபேஸ்புக் கடையும் ஒரே கூரைக்குள் இருந்தால் வேறு என்ன மணக்கும்? மல்லிகையா?

நீ என்னோடு சேர்ந்து கடை நடத்தியபோது இப்படி வந்ததில்லை. ஒவ்வொரு உருண்டையையும் இரண்டு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுவாய். "நம்ம பொழப்பு அவங்க மூக்குல ஏறக்கூடாதுடி" என்பாய். கரி பிடித்த சுவரை மறைக்க வெள்ளைப் பெட்ஷீட் கட்டி, அதன் முன்னால் பாசிமணி, ஊசி, நூல் எல்லாம் பரப்பிப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டோம். முகவரியில் 'ஹட்டன் டவுன்' என்றுதான் இருந்தது. தோட்டத்துப் பெயரைப் போட்ட முதல் வாரத்தில், "லயத்துல இருந்தா அனுப்புறீங்க?" என்று கேட்டு ஒருத்தி ஓர்டரையே நிறுத்தினாளே.

அப்புறம் அந்த வீடியோ கோல். கொழும்பில் கைவேலை வகுப்பு நடத்தும் மிஸ் ஒருவர், வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து நூல் எடுப்பதாகச் சொல்லி, நிறங்களைக் காட்டச் சொன்னார். நீ போனைப் பிடித்து ஒவ்வொன்றாய்க் காட்டினாய். அந்த நேரம் பார்த்து என் அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, தொப்பலாக நனைந்து. "பின்னால யாரு அது?" என்று மிஸ் கேட்டார். "வீட்டு வேலைக்கு வர்றவங்க மிஸ்" என்றாய். அம்மா உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டார். கோல் முடியும்வரை தன் வீட்டு வாசலிலேயே மழையில் நின்றார்.

ஓர்டர் கிடைத்தது. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் யாருன்னு சொன்னீங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "அவதாம்மா அப்படிச் சொன்னா" என்று நான் உன்னைக் காட்டினேன். நீ என்னையே பார்த்தாய். பையை எடுத்துக்கொண்டு போனாய். அடுத்த மாதம் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

லயம் முழுக்க நான் சொன்ன கதை இதுதான். மிச்சம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மிஸ் கேட்டதும் நீ என் பக்கம் திரும்பினாய். "வேலைக்கு வர்றவங்கன்னு சொல்லு" என்று உன் காதில் சொன்னவள் நான். பெற்ற தாயை! அதை நீ போட்டு உடைத்திருக்கலாமேடி. ஏன் உடைக்கவில்லை? அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். உடைத்திருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு ஆறியிருப்பேன்.

நீ அங்கேயே காய்ச்சலில் செத்துப்போய்ச் சவப்பெட்டியில் திரும்பி வந்தபோது அம்மாதான் முதல் ஆளாக ஓடினார். உன் நெற்றியைத் தடவி, எல்லாரும் கேட்க, "அன்னக்கி சொன்னத நான் மனசுல வச்சுக்கலம்மா, நீ நிம்மதியாப் போ" என்றார். உன் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உனக்காக மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இன்றுவரை திறக்கவில்லை. உன் அம்மா வழியில் கண்டால், "அவ அப்படிப் பேசுற புள்ள இல்லம்மா, அன்னக்கி என்னமோ வாய் தவறிருச்சு" என்கிறார். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன்.