எச்சில் ஊறாத வாய்

அக்கா,

இன்று காலை கோல சிலாங்கூரில் பல் டாக்டர், சொத்தைப் பல்லைக் காட்டப் போன என் மகளிடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்தார். ஐந்து நிமிடம் விழுங்காமல் எச்சிலை அதில் சேர்க்க வேண்டுமாம். கோப்பையின் அடிகூடச் சரியாக நனையவில்லை. அதைப் பார்த்ததும் உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பாசிர் பெனம்பாங் மீன் கடையில் நீ வேலை செய்த நாள்களில், தண்ணீர் குடிக்காமல் உன்னால் ஒரு ரொட்டித் துண்டை விழுங்க முடியாது. நாற்பது வயதுக்குள் முன்பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகி விழுந்தன. என் வளைகாப்பில், என் மாமியார் வீட்டார் முன்னால், "ஒளிச்சி வச்சி மிட்டாய் திங்கிறியாக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய்.

"மூணு வேளையும் தேய்க்கிறேன்டி. நம்பு லா."

நான் நம்பவில்லை.

வருடங்கள் கழித்து, நுரையீரலும் கெட்டு மருத்துவமனையில் கிடந்தபோதுதான் உன் நோய் தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உன் எச்சில் சுரப்பிகளைத் தாக்கியிருந்தது. "இப்ப நம்புறியா?" என்றாய். நான் பேச்சை மாற்றித் தலையணையைச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

"எச்சில் வெறும் தண்ணி இல்ல ஆன்ட்டி," என்றார் இன்று அந்த இளம் டாக்டர். "கிருமி பல்லுல ஒட்டாம தடுக்கிற சக்தி அதுலதான் இருக்கு. அது குறைஞ்சா, நல்லா தேச்சாலும் சொத்தை விழலாம். இவங்க சாப்பிடுற அலர்ஜி மாத்திரையாலயும் வாய் காயலாம். ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம்."

அந்த மாத்திரையாகவே இருக்கட்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: "நான் இனிப்பே தொடறதில்லையே மா. பெரியம்மா பல்லு மாதிரி ஆயிடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

காரை ஓரமாக நிறுத்தினேன்.

"பெரியம்மா இனிப்பு தின்னு பல்லு போகலம்மா. அவங்களுக்கு எச்சில் ஊறாத நோய். அது தெரிஞ்ச பிறகும் நான் உன்கிட்ட சொல்லல."

"ஏன் மா?"

"நான் பேசினது எனக்கே வெட்கமா போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். உனக்காகவா, தனக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும், அக்கா. அது எப்படி வந்தாலும், உன் கட்டில் ஓரம் நின்று நான் சொல்லியிருக்க வேண்டிய 'மன்னிச்சிரு' இன்னும் என்னிடமே கிடக்கிறது.