முதுகு காட்டி நடப்பவர்கள்

என் கண்ணா,

இந்தப் படங்களை யார் பார்க்கவேண்டும் என்று எடுத்தாய்?

போன ஞாயிற்றுக்கிழமை அவற்றை மாட்டினோம். துபாயில் எந்தத் தெரு, எந்த மாடி என்று எழுத மாட்டேன். மோசஸ் என்று நான் எழுதுவதும் அவருடைய உண்மைப் பெயர் அல்ல. ஆனால் போன வருடம் நீ போகும்வரை உன்னோடு ஒரே வீட்டில் வாழ்ந்த உகாண்டாக்காரர் அவர் என்பதை மறைக்கப் போவதில்லை.

துணி காயப்போடும் கொடியைக் கூடத்தின் குறுக்கே கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். வந்தவர்கள் உன் படங்களில் இருப்பவர்கள்தான். கம்பாலாவிலிருந்தும் லாகோஸிலிருந்தும் வந்து சலூனிலும் ஹோட்டலிலும் டியூட்டி பார்க்கிறவர்கள். ஆண்களை நேசிக்கும் ஆண்கள். வெளியே தெரிந்தால் வேலை போகும், விசா போகும், ஜெயிலும் உண்டு. அதனால் செருப்பைக்கூட வாசலில் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். யாரும் படம் எடுத்துவிடாதபடி போன்கள் எல்லாம் பிரியாணி அண்டாவுக்குள் போயின.

நீ எல்லாரையும் பின்னாலிருந்தே எடுத்திருக்கிறாய். தேரா கடைத்தெருவில், பஸ் ஸ்டாப்பில், அல் கூஸ் கிடங்குகளின் நடுவே நடக்கும் முதுகுகள். கருத்த பிடரிகளில் மாலை வெயில் எண்ணெய்போல் வழிகிறது. ஏசி காற்றில் கொடி அசைந்தபோது, அத்தனை பேரும் எனக்குத் தெரியாத ஏதோ ஓர் ஊருக்கு அவசரமில்லாமல் நடந்துபோவதுபோல் இருந்தது. புகைப்படங்களை நான் அவ்வளவாக நம்புகிறவள் அல்ல. இருந்தும் கொஞ்ச தூரம் கூடவே போய்வந்தேன்.

“இது யாருடைய பிடரி?”

“மடிப்பைப் பார் பாய், நம் சாமுவேல்தான்! சலூனில் வேலை பார்த்து என்ன பிரயோசனம், தன் பிடரியைச் சரிசெய்யத் தெரியவில்லையே!”

சாமுவேல் அடிக்கக் கை ஓங்கினார். “எலே, சும்மா இருல!” என்றார் மோசஸ். சிரித்துவிட்டேன். நம் திருநெல்வேலிப் பேச்சை இவருக்கு நீ எப்போது பழக்கினாய்?

கடைசியாக மோசஸ் ஒரு படத்தை மாட்டினார். முகம் தெரியும் ஒரே படம். கடற்கரைச் சுவரில் அவர். அவர் தோளில் சாய்ந்து கண்மூடி நீ.

சாமுவேல் உடனே அதைக் கழற்றினார். “பைத்தியமா உனக்கு? ஒருவன் வாய் திறந்தால் போதும், உன்னை நாடு கடத்திவிடுவார்கள்.”

மோசஸ் மறுபடி மாட்டினார். “இதுவும் இல்லையென்றால் நான் அவனுக்கு யார்? ரூம்மேட்டா? அவன் உடல் ஊருக்குப் போன அன்று ஏர்போர்ட் கார்கோ கேட்டுக்கு வெளியேதான் நின்றேன்; சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். அக்கா சொல்லட்டும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தோளைத் தவிர எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

“கலாஸ், சண்டை போதும். இன்றைக்கு இங்கே இருக்கட்டும். அப்புறம் என் வீட்டுக்கு வரட்டும்” என்றேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், கண்ணா. அந்தப் படம் என் கூடத்தை விட்டுப் போகாது. யார் கேட்டாலும் ரூம்மேட் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் நடந்தது இது. மோசஸ் வழக்கம்போல் டியூட்டிக்குப் போனார். யாரும் அவரைத் தேடி வரவில்லை. நான் ஷார்ஜாவில் என் வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். மாலையில் ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள்.

“கண்ணன் யாரு மேல சாஞ்சிருக்கான்?”

“மோசஸ்மா. அவனோட சேர்ந்து வாழ்ந்தவர்.”

அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அவரு முகம் சரியாத் தெரியல. போனக் கிட்ட கொண்டு போ” என்றாள்.

கொண்டு போனேன்.

உன் கூடப்பிறந்த
அக்கா