தேர்வுக் குழுவும் வலது பக்கமே திரும்பும் நாற்காலியும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பழைய மென்பொருள் திறக்கவில்லை. உரிமம் முடிந்துவிட்டதாம். புதுப்பிக்கலாம் என்றால் அதை விற்ற கம்பெனியே மூடிக் கிடக்கிறது. நாங்கள் செய்து விற்கிற மோட்டார் சக்கர நாற்காலிகளுக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டுகள் எல்லாவற்றையும் அதில்தான் வரைகிறோம். முதலாளியிடம் சொன்னேன். "புதுசா வாங்கிடலாம். ஆனா அவசரப்படக் கூடாது" என்றார். அவர் அப்படிச் சொன்னால் குறைந்தது ஒரு மாதம் என்று அர்த்தம்.

மார்ச் 5, புதன்

மென்பொருள் தேர்வுக் குழு அமைத்தாயிற்று. விற்பனை மேலாளர், கணக்கர், அலுவலக நிர்வாகம் பார்க்கும் முதலாளியின் மைத்துனி. நான் இல்லை. இங்கே போர்டு வரைகிற ஒரே ஆள் நான்தான்.

"நான் வேண்டாமா சார்?"

"நீங்க அதுல வேலை செய்யப் போறவங்கம்மா. உங்களுக்குன்னு ஒரு சார்பு இருக்கும். குழு நடுநிலையா இருக்கணும்."

வீட்டில் சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் நாற்காலி வாங்கிய வாத்தியார் ஒருவர் போன் செய்தார். "வலது பக்கம் ஜம்முனு திரும்புதும்மா. இடது பக்கம்னா மட்டும் கோவிச்சுக்கிட்டு நிக்குது."

"அப்போ எப்படி சார் ஸ்கூலுக்குப் போறீங்க?"

"இடது பக்கம் போகணும்னா மூணு தடவை வலது பக்கம் திரும்புறேன். பசங்க ராட்டினம்னு பேரே வெச்சுட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. "நடுரோட்டுல அப்படிச் சுத்த முடியலம்மா."

மார்ச் 10, திங்கள்

அதே மாதிரி போர்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இடது பக்கக் கட்டளை போகிற செம்புக் கோடு, மோட்டாருக்கு மின்சாரம் போகிற கோட்டை ஒட்டியே ஓடுகிறது. அந்த மின் இரைச்சலில் கட்டளை மோட்டாரின் காதில் விழவில்லை. கோட்டை நகர்த்தி வரைந்தால் தீர்ந்தது. எதில் வரைவது?

மார்ச் 11, செவ்வாய்

குழுவின் முன் மூன்று மென்பொருள்கள். ஒன்று இலவசம். ஒன்று வருட வாடகை. மூன்றாவது பெரியது, சொல்லிக் கொடுக்கவே தனி ஆள் வருவாராம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"கறுப்புப் பின்னணி வேண்டாம். பாத்தாலே மனசு இருண்டு போகுது" — மைத்துனி.

"சும்மா குடுக்கறான்னா உள்ள ஏதோ இருக்கு" — கணக்கர்.

உள்ளே போய், இலவசமே போதும், வாத்தியாரின் போர்டை உடனே வரைந்துவிடுவேன் என்றேன். அங்கிருந்த முதலாளி கூடாது என்று தலையை ஆட்டினார். "முடிவாகறதுக்கு முன்னாடி எதுலயும் கை வைக்காதீங்க. அது முடிவைப் பாதிக்கும்."

மார்ச் 14, வெள்ளி

குழுவே வரைந்து பார்த்துச் சோதிக்கப் போகிறது. ஒரு பொத்தான், ஒரு சின்ன விளக்கு. இவ்வளவுதான் போர்டு. விற்பனை மேலாளர் தூக்கத்திலும் பேசுகிற மனிதர். இன்று கணினி முன் உட்கார்ந்தவர் மதியம் வரை வாயைத் திறக்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டோம்.

மார்ச் 15, சனி

வீட்டுக் கணினியில் இலவசத்தை இறக்கிவிட்டேன். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மார்ச் 18, செவ்வாய்

விற்பனை மேலாளர் என் மேசைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"ஏம்மா, இந்தக் கோடு அந்தக் கோட்டைத் தொடாம எப்படி அந்தாண்ட போகும்?"

"ஒரு துளை போட்டு அடிப்பக்கம் இறக்குங்க சார். போர்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல."

"ரெண்டு பக்கமா!"

இத்தனை வருடமாக இந்த போர்டு வைத்த நாற்காலிகளை விற்றவர். ஓடியே போனார்.

மார்ச் 21, வெள்ளி

மைத்துனி பூ வடிவத்தில் போர்டு வரைந்திருக்கிறார். வாடகை மென்பொருளில்தான் இதழ்கள் நன்றாக வளைகின்றனவாம். ஓட்டெடுப்பு. மூன்று பேர், மூன்று மென்பொருள், ஆளுக்கு ஒரு ஓட்டு. கூட்டம் ஒத்திவைப்பு.

மார்ச் 27, வியாழன்

நான் வரைந்ததைத் தெரிந்த பட்டறையில் கொடுத்து போர்டாக வாங்கி, சாப்பாட்டு மேசையிலேயே பற்றவைத்தேன். சாயங்காலம் நானும் கணவரும் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். மாட்டி முடித்ததும் அவர் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினார் — கண்ணை மூடிக்கொண்டு. திரும்பியது. மறுபடியும் தள்ளினார். கூடத்தில் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தார்.

"போதுங்க, தலை சுத்தப் போகுது" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

வாத்தியார் முதலாளிக்கே போன் போட்டு நன்றி சொல்லிவிட்டார். போச்சு. முழுக் குழு முன்னால் விசாரணை.

"குழுவை மீறிட்டீங்க."

"ஆமா சார், மீறிட்டேன். அந்த மனுஷன் ரோட்ல ராட்டினம் சுத்துறாரு. நீங்க இங்க பூ வளையுதான்னு பாக்குறீங்க. எத்தனை நாள்தான் பொறுக்குறது?"

எனக்கா இவ்வளவு பேச்சு வந்தது? கணக்கர்தான் மெதுவாகக் கேட்டார்.

"அந்த இலவசத்துல... உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல சார்."

அவர் முகம் வாடிவிட்டது.

ஏப்ரல் 4, வெள்ளி

தீர்ப்பு. நான் இலவசத்திலேயே வரையலாம். குழுவுக்கு மட்டும் பெரிய மென்பொருள் வாங்குகிறார்கள், அடுத்த மென்பொருளை இன்னும் நன்றாகத் தேர்ந்தெடுப்பதற்கு. குழு இனி நிரந்தரம்.

ஏப்ரல் 10, வியாழன்

விற்பனை மேலாளர் தன் நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "ஒரு நிமிஷம்மா, இந்த ஒரு கோட்டை இறக்கிடறேன்" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். போனை நான் எடுத்தேன். யாரோ ஒரு பெண்மணி, தன் மாமியாருக்கு நாற்காலி வேண்டுமாம். எல்லாப் பக்கமும் திரும்புமா என்று கேட்டார். திரும்பும் என்றேன். வீட்டு வாசல் எவ்வளவு அகலம், படி இருக்கிறதா, மாமியாருக்கு எந்தக் கை வாட்டம் என்று விசாரித்தேன். போனை வைக்கும்போது அவருக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று விற்றிருந்தேன்.