டெல்லியிலிருந்து வந்த குளிர்ப்பெட்டி

முருகன் துணை

தூத்துக்குடி
28-5-46

அன்புள்ள மகன் பால்துரைக்கு அம்மா எழுதுவது. திருச்செந்தூரான் புண்ணியத்தில் நீ டெல்லியில் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் பார்த்து வயிறு குளிர்ந்தது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், கை ஓடவில்லை. உன் தங்கை பகவதிக்கு இது ஏழாம் மாதம், எட்டயபுரத்திலிருந்து அடுத்த வாரம் கூட்டிவருகிறோம், அவள் நன்றாக இருக்கிறாள், அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. கவலை எல்லாம் உன் அப்பாவைப் பற்றித்தான். உனக்கு எழுதச் சொல்லி அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஏளா, பெட்டி அருமையா வேலை செய்யுது, லாரிக்குள்ள குளிரு தாங்க முடியல, போர்வை ஒண்ணு அனுப்பச் சொல்லி எழுது." அதை எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவது எதுவும் அவருக்குத் தெரியாது.

மாசியில் உப்பளத்து ரோட்டில் அப்பா லாரியிலேயே மயங்கிச் சரிந்ததும், கிளீனர் மாடக்கண்ணு அவரை உப்பு மூடைகளின் மேல் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உனக்குத் தெரியும். இருதயம் தளர்ந்துவிட்டது, இனி எஞ்சின் சூட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பாவும் கேட்டார் எய்யா, அதுதான் அதிசயம். மாடக்கண்ணு லாரியை ஓட்டினான், அப்பா வீட்டில் இருந்துகொண்டு குழம்பில் புளி கூட, ரசத்தில் உப்புக் குறைவு என்று என் உயிரை வாங்கினார், நானும் திட்டிக்கொண்டே உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். அப்போதுதான் நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரையின் காரிலிருந்து கழற்றியது, இதை மாட்டினால் அப்பாவுக்குச் சூடே தெரியாது என்று எழுதியிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய்.

நம் பழைய ஷெவர்லே லாரிக்குக் கதவில் கண்ணாடி ஏது, இரண்டு பக்கமும் திறந்துதானே கிடக்கும். குளிர் வெளியே போகாமல் அடைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தபடி பட்டறை சுடலைமாடன் இரண்டு பக்கமும் பலகை அடித்து, அப்பா வெளியே பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி மட்டும் வைத்து, இடது பக்கத்தில் நீ பெட்டி என்று அனுப்பிய தகர உருளையைத் தொங்கவிட்டான். உள்ளே இருந்த மரச்சுருள் மக்கிப்போயிருந்ததால் வெட்டிவேர் வாங்கித் திணித்தோம். தண்ணீர் ஊற்றி, கயிற்றை இழுத்தால் வேர் நனையும், லாரி ஓடும்போது காற்று அதன் வழியாக உள்ளே வரும். சோதித்துப் பார்க்கிறேன் என்று அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு நம் சாத்தான்குளம் வீட்டுக்கு லாரியை விட்டார். ஊர் நெருங்க நெருங்க என்ன குளிர்ச்சி தெரியுமா, வெட்டிவேர் வாசனையோடு முகத்தில் அடித்தது, அப்பா சின்னப் பிள்ளை மாதிரி கயிற்றை இழுத்து இழுத்து "ஏளா, டெல்லி வந்துட்டு பாத்தியா" என்று கத்தினார். நானும் நம்பினேன். உன்னை நினைத்து அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது உப்பளம் தெரிந்ததும் குளிர் நின்றுபோனது, புழுக்கம் பிடித்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் பிறந்த சாத்தான்குளத்தில் கொடியில் போட்ட சேலை திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும், மண்பானைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். இங்கே கடல்காற்றில் சேலை சாயந்திரம் வரை பிசுபிசுவென்று கிடக்கிறது, பானைத் தண்ணீரும் பேருக்குத்தான் குளிர்கிறது. அந்தப் பெட்டிக்கு உலர்ந்த காற்று வேண்டும் எய்யா. டெல்லியில் இருக்கிறது, சாத்தான்குளத்தில் இருக்கிறது, உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் அதற்கு எங்கே போவது? முன்பு இரண்டு பக்கமும் அடித்த கடல்காற்றையும் இப்போது பலகை மறித்துவிட்டது. கீழே எஞ்சின் சூடு, பக்கத்தில் ஈரம், இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

சாத்தான்குளம் போய் வந்த மறுநாளே மாடக்கண்ணுவை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், இப்போது எல்லா நடையும் அவரேதான். என் மகன் டெல்லியிலிருந்து குளிர் அனுப்பியிருக்கிறான் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வருகிறவன் போகிறவன் எல்லாம் உருளை வாயில் கையை விட்டுப் பார்த்து "ஆமா அண்ணாச்சி, ஐஸ் மாதிரில்லா இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். பலகையையாவது கழற்றுங்கள் என்று நான் கெஞ்சினேன். "பையன் அம்புட்டுத் தூரத்துல இருந்து அனுப்பிருக்கான், ஆகாதுன்னு சொன்னா அவன் மனசு என்ன பாடுபடும்" என்கிறார். அது குளிரவில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஓட்டுகிறார். போன வெள்ளிக்கிழமை உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், உதடு வெளுத்துப்போயிருந்ததாம், மாடக்கண்ணுதான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். கேட்டால் காலையில் தின்ற பணியாரம் என்கிறார். ராத்திரியெல்லாம் இடது கையைப் பிடித்துவிடச் சொல்கிறார். சட்டையைத் துவைக்கும் முன்பு பிழிய வேண்டியிருக்கிறது.

நீ ஒன்று செய். துரையின் காரை வாங்கியவர் அந்தப் பெட்டியைத் திரும்பக் கேட்கிறார், உடனே கழற்றி அனுப்புங்கள் என்று அப்பா பெயருக்கு எழுது, நான் எழுதினேன் என்று மூச்சு விடாதே. பெட்டி வந்துதான் அவர் மறுபடி லாரியில் ஏறினார், பெட்டி போனால் இறங்குவார் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியும் இறங்குவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு வரவில்லை. தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். லீவு கிடைத்தால் இப்போதே வா. தீபாவளி வெகு தூரத்தில் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டு போடாமல் போகாதே. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இதோ வாசலில் நின்று "போர்வை சங்கதிய எழுதிட்டியாளா" என்று கேட்கிறார், எழுதிவிட்டேன் என்றேன், சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டக் குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இனி நான் எழுந்து போய் உருளையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் ஊற்றாவிட்டால் அவரே குடத்தைத் தூக்கிவிடுவார் என்று பயந்து தினமும் நான்தான் ஊற்றி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கடிதத்துக்குக் காத்திருக்கும் அம்மா
செல்லக்கனி