குட்டியின் பெயர் ஒட்டிய ஊசி

மார்ச் 3, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒன்று: உன் குட்டி நன்றாக இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போனில் சொன்னால் முழுதாகச் சொல்லவிடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் குளவி கொட்டிவிட்டது. எங்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் மகள். இதுவரை அவளுக்கு எந்த ஒவ்வாமையும் வந்ததில்லை. ஐந்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மிவிட்டது. "டீச்சர், மூச்சு..." என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். குட்டியின் வேர்க்கடலை ஒவ்வாமைக்காகப் பள்ளியில் வைத்திருந்த ஊசியை அவள் தொடையில் போட்டுவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து இன்று அனுப்பிவிட்டார்கள்.

இருந்தது அந்த ஒன்றுதான். மற்றது போன மாதமே காலாவதியானது உனக்கே தெரியும். புதிது வர நாலு நாள் ஆகுமாம். அதுவரை குட்டி வீட்டில்தான், நானும் விடுப்பு. வேர்க்கடலை என்ற பேச்சே இந்த வாசல்படி தாண்டி உள்ளே வராது.

உன் அக்கா

*

மார்ச் 7, சனி

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பள்ளி நிர்வாகத்திடமிருந்தும் ஒன்று வந்தது. ஒரு பிள்ளையின் மருந்தை இன்னொரு பிள்ளைக்குப் போட்டது விதிமீறலாம். பெற்றோர் புகார் கொடுத்தால் உன்னை வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. படிவமும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துதான் பாக்கி.

ஒரு கடி பிஸ்கட்டுக்கு என் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நீ. உனக்குத் தெரியாததா? அன்று மத்தியானம் யாராவது அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்திருந்தால் கையில் எதை வைத்துக்கொண்டு நின்றிருப்பாய்? இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது உன்னை நம்பித்தானே அவளை விட்டுவிட்டு வந்தேன். இன்று டிக்கெட் கவுண்டரில் ஒருவர் கேட்ட ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். மனசு அங்கேயே கிடக்கிறது.

22ஆம் தேதி ஞாயிறு வந்து அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். துணிமணியை எடுத்து வை.

உன் தங்கை

*

மார்ச் 11, புதன்

தங்கைக்கு,

துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். புது ஊசி வந்துவிட்டது, அவள் பையின் வெளிப்பக்க ஜிப்பில் இருக்கிறது. அங்கே புதுப் பள்ளியில் முதல் நாளே பேசிவிடு, அலமாரியில் பூட்டி வைக்க விடாதே.

கையெழுத்துப் போடுவதென்றால் போடு. எனக்காகப் பார்க்காதே. ஊசியில் குட்டியின் பெயர் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பதற்றத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொடுங்கள், விட்டுவிடுகிறோம் என்றார் தலைமையாசிரியர். எழுதித் தரவில்லை.

அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. நீ கேட்ட அதே கேள்விதான்.

குட்டி எதிரில் மட்டும் இதைப் பேசாதே.

அக்கா

*

மார்ச் 16, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது குட்டி போன் செய்தாள். எடுத்ததும் அழுகை.

"அம்மா, பெரியம்மா போட மாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் ஊசியை எடுத்துட்டு ஓடினேன். எனக்கு இப்போ ஒண்ணும் இல்லையே பெரியம்மா, அந்த அக்காவுக்குப் போடுங்கன்னு சொன்னேன்."

"இதை ஏண்டி இவ்வளவு நாளா சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. அந்த அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தா பழி என் மேல வருமாம். ஆனா பெரியம்மாவுக்கு வேலை போயிடும்னு கிளாஸ்ல பேசிக்கிறாங்கம்மா."

அவளுக்கு வயது ஒன்பதுதான்.

அக்கா, அன்று நான் அங்கே நின்றிருந்தால் அந்த ஊசியைக் குட்டி கையிலிருந்து பிடுங்கியிருப்பேன். நிச்சயமாகத் தெரியும். அந்தப் பெண் என் கண்ணெதிரில் மூச்சுக்குத் தவித்திருப்பாள், நான் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். உன்மேல் வந்த கோபத்தில் பாதி, நீ செய்ததை நான் செய்திருக்கமாட்டேன் என்பதுதான். மீதி, காலாவதியான ஊசிக்குப் பதில் புதிது வாங்கி அனுப்பாமல் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் தள்ளியது நான் என்பது.

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். பள்ளிக்கு வேறு புகார் எழுதியிருக்கிறேன். ஐநூறு பிள்ளைகள் படிக்கிற இடத்தில், யாருக்கு வேண்டுமானாலும் போட ஒரு ஊசி ஏன் இல்லை, இழுப்பு வந்தால் கொடுக்க ஒரு இன்ஹேலர் ஏன் இல்லை என்று. ஆசிரியைமேல் எனக்குக் குறை எதுவும் இல்லை என்றும் எழுதிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது.

ஞாயிறு வருகிறேன். குட்டி உன்னிடமே இருக்கட்டும், நீ வைத்துக்கொள்வாய் என்றால். போன கடிதத்தில் நான் எழுதியதற்கு உனக்குக் கோபம் இருந்தால் ஸ்டேஷனுக்கு வராதே, நானே வந்துவிடுவேன்.

அந்தப் பெண்ணின் வீடு குட்டிக்குத் தெரியுமாம். என்னை அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன் தங்கை