வகுத்திருக்கக் கூடாத கணக்கு

பெங்களூர், 14.8.2004

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா?

நேற்றுப் போட்டியில் வாய்வரை வந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். வென்றால் சென்னை இறுதிச் சுற்று, அப்படியே வீட்டுக்கும் வருவேன் என்றேனே, அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் போட்டிதான். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்க்கும் எளிய கணக்கு. என் அணியின் ராகேஷ், உயர வித்தியாசத்தை அகல வித்தியாசத்தால் வகுத்துக் கோட்டின் சாய்வைக் கண்டான். புள்ளிகள் நேர் மேலும் கீழுமாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேருமே என்று வாயெடுத்தேன்.

"இது நாவல் இல்ல பார்கவி, டைம் ஆவுது, சும்மா இரு!" என்று, நான் எப்போதும் நாவலும் கையுமாக இருப்பதைக் குத்திச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

புளிக்காய்ச்சல் அனுப்பினால் தமிழ்ப் பேப்பரில் சுற்றுங்கள். பழையதானாலும் படிப்பேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

பார்கவி

பி.கு.: அந்த விடை தவறென்று வந்தது. சென்னைக்கு வேறு அணி போகிறது.